துவக்குக் குழலின் ஆயுள்: இரும்பு வளையம் முதல் காபன் நார் வரை

தோற்றுவாய்

தஞ்சாவூர்க் கோட்டையின் கீழவாசலை அண்டிய பீரங்கி மேட்டில் இராசகோபாலப் பீரங்கி என வழங்கும் பெரும் பீரங்கியொன்று இருக்கிறது. அது இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆக்கப்பட்டதென்பர். 7 மீற்றருக்கு மேற்பட்ட நீளமும் 20 தொன்னுக்கு மேற்பட்ட நிறையும் கொண்ட அப்பீரங்கி, உருக்கி வார்க்கப்பட்டதன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின்மீது காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, அடித்து ஒட்டி ஆக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கி அது இன்றும் உருக்குலையாது நிற்கின்றது.

இப்பீரங்கி நீடித்து நிலைத்தது என நாம் கூறும்பொழுது, எப்பொருளில் அவ்வாறு கூறுகின்றோம் என்பது சிந்தனைக்குரியது. ஒரு பொருளாக அது நிலைத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு பீரங்கியாக அது எத்தனை முறை சுடப்பட்டது? எத்தனை முறை சுட்டபின் அதன் துளை பழுதுபட்டிருக்கும்? பொருளின் ஆயுளும் பயனின் ஆயுளும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாது படைக்கலங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் வழி தவறுவர்.

இவ்வேறுபாடு இன்று புதியதொரு வடிவத்தில் எழுந்துள்ளது. மெல்லிய உருக்குக் குழலொன்றின்மீது காபன் நாரைப் பிசினுடன் சுற்றி ஆக்கப்படும் றைபிள் குழல்கள் 1990களின் நடுப்பகுதி முதல் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. எடை குறைந்தவை, விறைப்பு மிக்கவை, நீண்ட காலம் உழைப்பவை என்று அவை போற்றப்படுகின்றன. முதலிரு பண்புகளையும் தராசிலும் ஆய்வுகூடத்திலும் அளந்து காட்டலாம். மூன்றாவதை அவ்வாறு காட்டல் எளிதன்று. நீண்ட காலம் என்பது காலம் கழிந்த பின்னரே அறியப்படுவதாகும்.

இஃது பொறியியற் பீடத்தினருக்குரிய பொருளன்றோ, கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். காலத்தைச் சான்றாகக் கொண்டு ஒரு கூற்றை மதிப்பிடுதல் வரலாற்று மாணவனின் தொழிலேயாகும். குழலின் ஆயுளைப் பற்றி மனிதர் கேட்ட வினா காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. முதலில், "இது வெடிக்குமா?" என்று கேட்டனர். பின்னர், "எத்தனை வேட்டுக்களுக்குத் தாங்கும்?" என்று கேட்டனர். இப்பொழுது, "சுடாமலே வைத்திருப்பினும் எத்தனை ஆண்டுகளுக்கு நிற்கும்?" என்று கேட்க வேண்டியுள்ளது. இம்மூன்று வினாக்களின் வழியே இவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

பீப்பாவும் குழலும்

ஆங்கிலத்தில் பீப்பாவையும் துவக்குக் குழலையும் ஒரே சொல்லாற் குறிப்பர். இஃது உவமை மட்டுமன்று; செய்முறையின் எச்சமுமாகும். மரப்பலகைகளை வட்டமாக நிறுத்தி அவற்றை இரும்பு வளையங்களால் இறுக்கிப் பீப்பா செய்வது போலவே, 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கொல்லர் இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் கொண்டு பெரும் பீரங்கிகளைச் செய்தனர். 1449ஆம் ஆண்டில் பேகண்டி நாட்டுக் கோமகனுக்காகச் செய்யப்பட்டு, பின்னர் ஸ்கொத்லாந்து மன்னனுக்கு வழங்கப்பட்ட மொன்ஸ் மெக் என்னும் பீரங்கி இம்முறைக்குத் தலைசிறந்த சான்றாகும். எடின்பரோக் கோட்டையில் இன்றும் காணத்தக்க அப்பீரங்கியும் தஞ்சைப் பீரங்கியும் ஒன்றையொன்று அறியாத கொல்லர்களின் கைவண்ணங்கள். ஆயினும் இரண்டினதும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே: நீளவாட்டிலுள்ள பட்டைகள் துளையை அமைக்கின்றன, குறுக்குவாட்டிலுள்ள வளையங்கள் அத்துளை பிளவாது இறுக்கிப் பிடிக்கின்றன.

இவ்விறுக்கம் தளர்ந்தால் விளைவது மரணமே. ஸ்கொத்லாந்து மன்னன் இரண்டாம் ஜேம்ஸ் 1460ஆம் ஆண்டில் ரொக்ஸ்பரோக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபொழுது, அருகில் நின்ற தன் பீரங்கியொன்று வெடித்ததனால் உயிரிழந்தான். மொன்ஸ் மெக்கும் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்த்து வேட்டொன்று தீர்க்கையில் வளையம் பிளந்து பயனற்றுப் போயிற்று. எதிரியை நோக்கிய முனையைப் போலவே, தன்னவனை நோக்கிய முனையும் அஞ்சத்தக்கதாக இருந்த காலம் அது.

இவ்வச்சத்தைத் தணிக்கச் சமூகம் கண்ட வழியே சோதனை மனை என்னும் நிறுவனமாகும். 1637ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்ற இலண்டன் துவக்குச் செய்வோர் சங்கமும், 1813ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பட்ட பேமிங்ஹாம் சோதனை மனையும் ஒரே பணியைப் புரிந்தன. வழமைக்கு மிஞ்சிய மருந்தை இட்டுக் குழலைச் சுட்டுப் பார்த்தனர். பிழைத்த குழலுக்கு முத்திரை பொறித்தனர். வாங்குவோன் செய்தோனை அறியான், முத்திரையை அறிவான். கைவினைஞனுக்கும் பயன்படுத்துவோனுக்கும் இடையிலிருந்த நேர்முக உறவு சந்தையினால் அறுபட்ட காலத்தில், நம்பிக்கைக்கு ஒரு பொது நிறுவனம் பொறுப்பேற்றமை ஈண்டு நோக்கத்தக்கது.

ஆயினும் அம்முத்திரை உரைத்தது ஒன்றைத்தான்: இக்குழல் இன்று வெடிக்கவில்லை. நாளை பற்றியோ, பத்தாயிரமாவது வேட்டு பற்றியோ அது யாதும் உரைக்கவில்லை. இரும்பும் உருக்கும் கலந்த பட்டைகளை முறுக்கிச் சுற்றி, அடித்து ஒட்டி ஆக்கிய தமஸ்கஸ் வகைக் குழல்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அலையலையான அழகு பொருந்திய அக்குழல்கள் கரிமருந்துக் காலத்தில் முறையாகச் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றவையே. புகையற்ற மருந்து வந்தபொழுது அதன் அமுக்கம் அவற்றுக்கு ஒவ்வாதாயிற்று. பட்டைகளின் பொருத்துவாய்களில் அடங்கிக் கிடந்த கசடும் மறைவான துருவும் காலப்போக்கில் அவற்றை மேலும் நலிவித்தன. அன்று அளித்த முத்திரை பொய்யன்று; அது வேறொரு காலத்தின் வினாவுக்கு அளிக்கப்பட்ட விடை.

தடிப்பு மட்டும் வலிமையாகாது

வெடிக்கும் குழலுக்குப் பரிகாரம் தடித்த குழல் என்பதே பாமர எண்ணம். அவ்வெண்ணத்தின் விலையை ஐக்கிய அமெரிக்கா 1844ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி செலுத்தியது. பிறின்ஸ்டன் என்னும் போர்க்கப்பலில் இரு பெரும் பீரங்கிகள் இருந்தன. ஜோன் எரிக்சன் என்னும் பொறியியலாளர் அமைத்த ஒன்று, இரும்பு வளையங்களைக் காய்ச்சி ஏற்றி இறுக்கப்பட்டதாகும். கப்பற் தலைவரான ரொபேட் ஸ்ரொக்டன் செய்வித்த மற்றையது மேலும் தடித்தது. ஆனால் அவ்வாறு இறுக்கப்படாதது. சமாதானம் செய்வோன் என்று பெயரிடப்பட்டிருந்த இப்பீரங்கி, அமெரிக்க உயர்குடியினர் குழுமியிருந்த வேளையில் வெடித்தது. வெளிநாட்டு அலுவல்களுக்குப் பொறுப்பான செயலாளரும் கடற்படைச் செயலாளரும் உட்பட அறுவர் மாண்டனர்.

இதன் பௌதிக விளக்கத்தைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கப்ரியேல் லாமே ஏற்கனவே வகுத்திருந்தார். தடித்த குழலொன்றினுள் அமுக்கம் எழும்பொழுது அதன் சுவர் முழுவதும் ஒரே அளவாகச் சுமை தாங்குவதில்லை. உட்புறத்திலேயே தகைப்பு மிகுதி. வெளிப்புறம் செல்லச் செல்ல அது விரைந்து குறையும். ஆகவே ஓரெல்லைக்கு மேல் வெளியே எவ்வளவு இரும்பைச் சேர்ப்பினும் உட்புறம் பிளவதைத் தடுத்தல் இயலாது. வெளியடுக்கை முன்கூட்டியே இறுக்கி, அது உள்ளடுக்கை இடைவிடாது அழுத்துமாறு செய்தலே தீர்வாகும். 1850களில் வில்லியம் ஆம்ஸ்ரோங் தாம் செய்த பீரங்கிகளில் இத்தத்துவத்தையே கையாண்டார். பழைய கொல்லன் அனுபவத்தால் அறிந்திருந்ததை 19ஆம் நூற்றாண்டு கணக்கினால் அறிந்துகொண்டது எனலாம்.

அடுத்த படி மேலும் நுட்பமானது. வளையத்துக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றினால் என்ன என்று ஜேம்ஸ் லோங்றிட்ஜ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1850களில் வினவினார். மெல்லிய கம்பியின் இழுவலிமை பெரிய இரும்புத் துண்டினதிலும் மிகுதி; அதிற் குறையிருப்பின் எளிதிற் கண்டறியலாம்; ஒவ்வோர் அடுக்கின் இறுக்கத்தையும் விரும்பியவாறு அமைக்கலாம். எனினும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழிந்த பின்னரே பிரித்தானியக் கடற்படை இம்முறையைப் பெரும் பீரங்கிகளுக்கு ஏற்றது. 1895ஆம் ஆண்டு முதல் சேவைக்கு வந்த மஜெஸ்ரிக் வகைப் போர்க்கப்பல்களின் 12 அங்குலப் பீரங்கிகள் கம்பி சுற்றியவையே. பின்வந்த பெரும் பீரங்கிகளில் நூறு மைலுக்கு மேற்பட்ட கம்பி சுற்றப்பட்டது.

கம்பிக்கும் ஒரு குறையிருந்தது. குறுக்குவாட்டில் அது பெருவலிமை தரினும் நீளவாட்டில் விறைப்புத் தருவதில்லை. நீண்ட பீரங்கிகளின் முனை தன் நிறையினாலேயே சற்றுத் தாழ்ந்தது, குறி பிழைத்தது. வலிமையும் விறைப்பும் வெவ்வேறு பண்புகள் என்பதைப் பொறியியலாளர் இதன்வழி உணர்ந்தனர். இன்றைய காபன் நார்க் குழலின் முன்னோர்களைத் தேடுவோர் இக்கம்பி சுற்றிய பீரங்கியை மறத்தலாகாது. மெல்லிய உட்குழலின்மீது வலிய இழையை இறுக்கிச் சுற்றுதல் என்னும் எண்ணம் நம் காலத்துப் புதுமையன்று; ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைமையுடையது.

உள்ளிருந்து அரிக்கும் தீ

1884ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயனவியலாளர் போல் வியேய் புகையற்ற வெடிமருந்தை ஆக்கினார். இரண்டு ஆண்டுகளில் லெபெல் றைபிள் அதனைப் படைக்கலமாக்கிற்று. இதன்பின் குழலின் ஆயுள் பற்றிய வினாவே மாறிற்று. நல்ல உருக்கினாற் செய்த குழல் வெடித்தல் அரிதாயிற்று. ஆனால் அது உள்ளிருந்து தேயத் தொடங்கிற்று.

பிரித்தானியாவின் அனுபவம் இதனைத் தெளிவுறக் காட்டும். 1888ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட லீ மெற்போட் றைபிளின் துளையில் ஆழங் குறைந்த, விளிம்பு மழுங்கிய சுருள் தவாளிப்புகள் வெட்டப்பட்டிருந்தன. கரிமருந்தின் புகைக்கரி படியாதிருக்க அவ்வடிவம் ஏற்றது. கோடைற் என்னும் புகையற்ற மருந்து வந்ததும் அதன் வெப்பம் அத்தவாளிப்புகளை விரைவில் அழித்தது. 1895ஆம் ஆண்டில் ஆழமான தவாளிப்புடைய லீ என்பீல்ட் அதன் இடத்தைப் பிடித்தது. கோடைற்றும் மாற்றம் பெற்றது. அதில் 58 வீதமாக இருந்த நைத்திரோகிளிசரின், 1901ஆம் ஆண்டளவில் 30 வீதமாகக் குறைக்கப்பட்டது. தென்னாபிரிக்கப் போரிற் கண்ட குழற் தேய்வே இதற்குரிய காரணங்களுள் முதன்மையானது. குழலைக் காக்க மருந்தையே மாற்ற நேர்ந்தமை, தேய்வு எத்துணைப் பெரிய சிக்கலாயிருந்தது என்பதைப் புலப்படுத்தும்.

இத்தேய்வின் இயல்பை இங்குச் சுருக்கமாக உரைத்தல் தகும். தோட்டா வெடிக்கும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை உருக்கின் உருகுநிலையையும் விஞ்சும். நவீன றைபிளில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 50,000 முதல் 60,000 இறாத்தல் வரை செல்லும். இக்கடுமை நீடிப்பது ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்களவே. ஆயினும் தோட்டா அறைக்கு அடுத்து, தவாளிப்புகள் தொடங்கும் தொண்டைப் பகுதியில், உருக்கின் மேற்றோல் ஒவ்வொரு வேட்டிலும் காய்ந்து, கடினமாகி, நுண்ணிய வெடிப்புக்களாகப் பிளந்து, துகள் துகளாக வாயுவுடன் அடித்துச் செல்லப்படுகிறது. காய்ந்து பிளந்த குளத்துச் சேற்றைப் போன்று அம்மேற்பரப்பு காட்சியளிக்கும்.

இதன் உச்ச எடுத்துக்காட்டு 1918ஆம் ஆண்டில் ஜேர்மனியர் பாரிஸ் நகரைத் தாக்கிய நெடுந்தூரப் பீரங்கியாகும். 120 கிலோமீற்றரளவு தூரம் எறிந்த அதன் துளை ஒவ்வொரு வேட்டிலும் பெருத்தது. ஆகவே குண்டுகள் இலக்கமிடப்பட்டு, ஒன்றிலும் அடுத்தது சற்றுப் பருத்ததாகச் செய்யப்பட்டன; அவற்றை வரிசை பிறழாது சுட வேண்டியிருந்தது. சில பத்து வேட்டுக்களின் பின் குழல் மீண்டும் துளைக்க அனுப்பப்பட்டது. வெளியே எத்துணை வலிமை சேர்ப்பினும் உள்ளே எரியும் தீக்கு அது மருந்தாகாது என்பதே இதன் பாடம்.

தீயுடன் உப்பும் சேர்ந்துகொண்டது. பழைய தோட்டாக்களின் எரியூட்டிகளில் இருந்த பொட்டாசியம் குளோரேற்று, எரிந்தபின் பொட்டாசியம் குளோரைட்டு என்னும் உப்பைக் குழலில் விட்டுச் சென்றது. ஈரக்காற்றில் அவ்வுப்பு நீரை உறிஞ்சித் துருவை விளைத்தது. 1920களில் துருவேற்றா எரியூட்டிகள் சந்தைக்கு வரும்வரை, சுட்ட துவக்கை அன்றே கழுவாதவன் குழலை இழந்தான். குழலின் உட்புறத்துக்குக் குரோமியப் பூச்சிடுதல் மற்றொரு தீர்வு. யப்பான் 1939ஆம் ஆண்டில் ஏற்ற 99ஆம் வகை றைபிளிலும், பின்னர் சோவியத் நாட்டின் கலாஷ்னிக்கோவ் துவக்கிலும் இது கையாளப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா எம் 16 றைபிளைத் தொடக்கத்தில் இப்பூச்சின்றியே வியட்நாமுக்கு அனுப்பியது. அந்நாட்டின் ஈரத்தில் தோட்டா அறைகள் அரிக்கப்பட்டமையும் மருந்து மாற்றப்பட்டமையும் துவக்குகள் போர்முனையில் இறுகி நிற்பதற்குக் காரணங்களாயின. 1967ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் இதனை விசாரித்தது. அறைகளுக்குக் குரோமியப் பூச்சிடப்பட்டது. ஆய்வுகூடத்தின் காலநிலையும் நெல்வயலின் காலநிலையும் ஒன்றல்ல.

கண்ணாடி நாரும் காபன் நாரும்

இனி இழை சுற்றிய குழலின் நவீன வரலாற்றுக்கு வருவோம். 1960ஆம் ஆண்டளவில் வின்செஸ்ரர் நிறுவனம் 59 என்னும் இலக்கமுடைய வேட்டைத் துவக்கை வெளியிட்டது. மிக மெல்லிய உருக்குக் குழலின்மீது ஏறத்தாழ 500 மைல் நீளமான கண்ணாடி நாரைச் சுற்றிப் பிசினாற் பிணைத்து அதன் குழல் ஆக்கப்பட்டது. எடை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் முனை அளவுக்கு மிஞ்சி இலேசாக இருந்தமை பல வேட்டைக்காரருக்கு உவப்பாக இருக்கவில்லை. 1965ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. தொழினுட்பத்தில் வென்றது சந்தையில் தோற்றது.

இதே காலப்பகுதியில் வேறொரு நார் உருவாகிக் கொண்டிருந்தது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்கரான றொஜர் பேக்கன் பெருவலிமை கொண்ட காபன் இழைகளை ஆய்வுகூடத்தில் ஆக்கினார். அதையடுத்து யப்பானில் அக்கியோ ஷிண்டோ, பொலியக்கிரிலோநைத்திரைல் என்னும் செயற்கை நாரை எரித்துக் காபன் நார் பெறும் வழியைக் கண்டார். 1960களின் முற்பகுதியில் இங்கிலாந்தின் பான்பரோ விமான ஆய்வு நிலையத்தினர் அதனை மேலும் வலிமைப்படுத்தினர். உருக்கின் கால் பங்குக்கும் குறைந்த அடர்த்தியும், சாதாரண உருக்கைப் பன்மடங்கு விஞ்சும் இழுவலிமையும் கொண்ட இந்நார் பொறியியலாளரை மயக்கியதில் வியப்பில்லை.

மயக்கத்துக்குரிய தண்டனையும் விரைவில் வந்தது. றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம் ஆர்.பி. 211 என்னும் விமான எந்திரத்தின் முன்னலகுகளைக் காபன் நாராற் செய்ய முயன்றது. பறவை மோதலைச் சோதிக்கும் பரீட்சையில் 1970ஆம் ஆண்டில் அவ்வலகுகள் சிதறின. தைற்றானிய அலகுகளுக்கு மாற வேண்டியதாயிற்று. எந்திரத்தின் செலவு கட்டுக்கடங்காது போக, 1971ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிறுவனம் முறிந்து அரசுடைமையாயிற்று. மெதுவான இழுவைக்குப் பெருவலிமை காட்டும் பொருள் திடீர் மோதலுக்கும் அவ்வாறே நிற்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

எனினும் காபன் நார் தோற்றுவிடவில்லை. மீன்பிடித் தண்டு, பந்தாட்ட மட்டை, விமான வால், செயற்கைப் பாதம் என அதன் ஆட்சி விரிந்தது. 1995ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கப்பட்ட கிறிஸ்ரென்சன் நிறுவனம் காபன் நார் சுற்றிய றைபிள் குழல்களைச் சந்தைக்குக் கொணர்ந்தது. பின்னர் மொன்ரானா மாநிலத்திலும் பிறவிடங்களிலும் இத்தகைய நிறுவனங்கள் தோன்றின. துருவேறா உருக்கினாலான குழலைக் கடைந்து மெலிவித்து, இழந்த விறைப்பைக் காபன் நாரினால் மீட்டலே இவற்றின் பொதுவான செய்முறை. நாரைப் பல கோணங்களிற் சுற்றலாம் ஆதலின், பழைய கம்பிச் சுற்றுக்கு இல்லாத நீளவாட்டு விறைப்பு இதற்கு உண்டு. லோங்றிட்ஜின் எண்ணத்திலிருந்த பெருங்குறை ஒன்று இதனால் நீங்கியது.

மூன்றாவது வினா

இக்குழல்கள் நீடித்து உழைக்குமா? முன்கூறிய வரலாற்றின் ஒளியில் இவ்வினாவைப் பகுத்து நோக்குவோம்.

முதலாவது வினா வெடித்தல் பற்றியது. காபன் நார்க் குழலிலும் தோட்டா அறையைச் சூழ்ந்த பகுதி தடித்த உருக்கே. முறையாகச் செய்யப்பட்ட குழலைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு ஆறுதலான விடை உண்டு.

இரண்டாவது வினா வேட்டுக்களின் எண்ணிக்கை பற்றியது. இங்கு விளம்பரத்துக்கும் உண்மைக்கும் இடையிலான தூரத்தை நாம் கவனித்தல் வேண்டும். தீ பற்றுவது உட்புறத்தில். நார் இருப்பதோ வெளிப்புறத்தில். தொண்டைத் தேய்வை நார் நேரடியாகத் தடுக்காது. சாதாரணத் தோட்டாவாயின் சில ஆயிரம் வேட்டுக்களும், மிகு வேகத் தோட்டாவாயின் ஆயிரம் அல்லது ஆயிரத்து ஐந்நூறளவு வேட்டுக்களுமே நுண்குறி தவறாது சுடக்கூடிய எல்லையென்பது உருக்குக் குழலுக்கும் காபன் நார்க் குழலுக்கும் பொது. ஒருவகையில் பின்னதன் நிலை சற்று இடர்ப்பாடானது. மெலிந்த உருக்கு வெப்பத்தைத் தேக்கி வைக்கும் ஆற்றல் குறைந்தது. அதனைச் சூழ்ந்த பிசினோ வெப்பத்தை எளிதிற் கடத்தாதது. தொட்டவன் கைக்கு வெளிப்புறம் குளிர்ச்சியாகத் தோன்றினும், உள்ளே வெப்பம் தங்கியிருத்தல் கூடும். அடுத்தடுத்து விரைந்து சுடுவோன் இத்தண்மையைக் கண்டு ஏமாறுவானாயின் தொண்டை விரைவிற் தேயும்.

மூன்றாவது வினாவே முற்றிலும் புதியது. உருக்குக்கு இல்லாத ஒரு முதுமை இக்குழலுக்கு உண்டு; அது பிசினின் முதுமையாகும். உருக்கு சூடேறும்பொழுது விரியும். காபன் நார் தன் நீளவாட்டில் ஏறத்தாழ விரிவதேயில்லை. இரண்டையும் பிணைத்து நிற்கும் பிசின் ஒவ்வொரு முறையும் இவ்விழுபறியைத் தாங்குகிறது. குறித்த வெப்பநிலைக்கு மேல் பிசின் இளகும். ஞாயிற்றின் புறவூதாக் கதிரும் ஈரமும் நாளடைவில் அதனை நலிவிக்கும். காபன் மின்னைக் கடத்தும் பொருளாதலின், பிசின் விலகி நார் உருக்கைத் தீண்டும் இடத்தில் உப்பீரம் புகுமாயின், உருக்கு விரைந்து அரிக்கப்படும். கடலோர நாட்டினருக்கு இது சிறிய செய்தியன்று. இவையனைத்தும் வெளித்தோற்றத்திற்குப் புலப்படாத மாற்றங்கள். உருக்கின் துரு கண்ணுக்குத் தெரியும். அடுக்குகளுக்கிடையே விழும் பிரிவோ மறைந்தே வளரும். தமஸ்கஸ் குழலின் மறைந்த துருவை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

இவை நிகழக்கூடியவை என்பதன்றி, நிகழ்ந்தே தீரும் என்பது எமது கருத்தன்று. காபன் நாராலான விமான வால்கள் 1980களின் நடுப்பகுதி முதல் பறந்து நீண்ட சேவை புரிந்துள்ளன. பிசின் பற்றிய அறிவும் பெரிதும் வளர்ந்துள்ளது. ஆனால் விமான வால் ஒழுங்கான கால இடைவெளிகளிற் பரிசோதிக்கப்படுவது. அதற்குப் பதிவேடு உண்டு. வேட்டைக்காரனின் பெட்டகத்திலுள்ள துவக்குக்குப் பதிவேடு இல்லை.

இங்கு எளியதொரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். போட்டிக்குச் சுடுவோன் ஒருவன் ஆண்டுக்கு ஆயிரம் வேட்டுக்கள் தீர்ப்பானாயின், சில ஆண்டுகளிலேயே உருக்கின் தொண்டை தேய்ந்து குழல் கழிக்கப்படும். பிசினின் முதுமை அவனுக்கு ஒரு பொருட்டன்று. ஆண்டுக்கு 30 வேட்டுக்கள் மட்டும் தீர்க்கும் வேட்டைக்காரனுக்கோ 1,500 வேட்டுக்கள் கழிய 50 ஆண்டுகள் செல்லும். அவன் தன் குழலை மகனுக்கு விட்டுச் செல்ல விரும்புபவன். அவனைப் பொறுத்தவரை குழலின் ஆயுளைத் தீர்மானிப்பது தீயன்று, காலமே. ஆனால் இக்குழல்கள் சந்தைக்கு வந்து கழிந்திருப்பதோ மூன்று தசாப்தங்களளவே. 50 ஆண்டு உழைப்புக்குச் சான்று தர 50 ஆண்டு பழைய குழல் ஒன்றேனும் வேண்டும். ஆகவே, குறைவாகச் சுடுவோனுக்கே இக்குழல் புதிராக நிற்கிறது என்ற முரணான முடிவுக்கு நாம் வருகின்றோம். உருக்குக் குழலையோ பேரன் கையிலும் கொல்லன் கடைந்து திருத்துவான். நார் சுற்றிய குழலை விரும்பிய இடத்தில் வெட்டவோ கடைந்து மெலிக்கவோ இயலாது; அது தொழிற்சாலைக்கே உரியது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. வெளியே சுற்றி இறுக்குதல் என்னும் தத்துவம் பழைமையானது. அதன் பொருள்கள் மட்டுமே இரும்பு வளையமாய், உருக்குக் கம்பியாய், கண்ணாடி நாராய், காபன் நாராய் மாறின. அத்தத்துவம் வெடித்தலையும் வளைதலையும் வென்றது, உள்ளரிப்பை வெல்லவில்லை. ஒவ்வொரு புதுப்பொருளும் பழைய வினாவுக்கு விடை தந்து, தனக்கேயுரிய புதிய வினாவொன்றைக் கொணர்ந்தது.

இதனோடு இன்னொன்றையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. நீடித்த ஆயுள் என்பதை நாம் நற்பண்பாகவே பேசி வந்தோம். ஏருக்கும் உலக்கைக்கும் அது நற்பண்பே. படைக்கலத்துக்கு அவ்வாறு கூறலாமா? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த லீ என்பீல்ட் வகைத் துவக்கு, 1980களில் ஆப்கானிஸ்தான் மலைகளிலும் சுடப்பட்டது. அதனை வடிவமைத்தோரும் அதற்கென முதலிற் போரிட்டோரும் அதற்கு வெகு காலத்துக்கு முன்னரே மண்ணாகிவிட்டனர். நம் நாட்டிலும் போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின், வடக்கின் வயல்களிலிருந்து நிலக்கண்ணிகளை அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்ததை நாம் அறிவோம். பகை ஓய்ந்த பின்னரும் ஓயாதது படைக்கலத்தின் உழைப்பு.

தஞ்சைப் பீரங்கி நானூறு ஆண்டு நிலைத்ததைக் கண்டு நாம் வியப்பதற்குக் காரணம் அது சுடாமல் நிற்பதே. அதன் நிழலில் இன்று பிள்ளைகள் ஏறி விளையாடலாம். ஒரு குழல் அடையக்கூடிய மிக நீண்ட ஆயுள் அதுவேயாகும். காபன் நார்க் குழல்களும் தம் உறுதியை அவ்வழியிலேயே மெய்ப்பிக்குமாயின், அவற்றின் வரலாற்றை எழுதப்போகும் பிற்கால மாணவன் மகிழ்ச்சியோடு எழுதுவான்.